ஒத்த பக்கம் எது, நகல் எது? தேடுபொறி கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

தேடுபொறிகளில் 'இதுபோன்ற பக்கங்கள்' பகுதியைக் கட்டுவோருக்கும், தேடல் முடிவுகளில் ஒத்தவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்தும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவர் 'இதுபோன்ற பக்கங்கள்' என்பதை அழுத்துகிறார். முதலில் வருவது அதே கட்டுரையின் நகல். இரண்டாவது, அந்த நகலின் நகல், நடுநடுவே விளம்பரம் செருகியது. மூன்றாவது, அதே தளத்தின் வேறொரு பக்கம். பேசும் பொருள் வேறு, மேலே உள்ள பட்டியலும் கீழே உள்ள குறிப்புகளும் மட்டும் ஒன்று. நான்காவது, எதைக் கேட்டாலும் வந்து நிற்கும் ஒரு பிரபலமான முகப்புப் பக்கம். உங்கள் கணக்கில் நான்குமே உயர்ந்த மதிப்பெண் பெற்றவை. கேட்டவருக்கு நான்கில் ஒன்றுகூட உதவவில்லை. இந்தப் பிழை எந்தப் படியில் நுழைகிறது, அதை எப்படித் திருத்தலாம் என்று சொல்லவே இந்த மடல்.

எங்கள் வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறோம். 'ஒத்த' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரே எண்ணால் பதில் சொல்லாதீர்கள். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தின் நகலா என்பது முதல் கேள்வி. இரண்டும் ஒரே பொருளைப் பேசுகின்றனவா என்பது இரண்டாவது. ஓர் இணைய அகராதி திறக்காதபோது இன்னோர் அகராதி கைகொடுப்பதுபோல, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்குமா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு எழுத்தே சாட்சி. இரண்டாவதற்குச் சொல்லும் அதன் பொருளும் சாட்சி. மூன்றாவதற்குப் பக்கத்துக்குள் சாட்சி கிடைக்காது. இரண்டையும் சேர்த்துச் சுட்டும் மற்றவர்களின் பக்கங்களில்தான் கிடைக்கும். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நகல் எப்போதும் வெல்லும், ஏனென்றால் நகல் மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கும்.

நகலில் தொடங்குவோம். மற்ற இரண்டு கேள்விகளையும் கெடுப்பது அதுதான். 1997-இல் ஆண்ட்ரே பிராடரும் உடன் பணியாற்றியவர்களும் ஆல்டாவிஸ்டா என்ற அக்காலத் தேடுபொறி திரட்டிய 3 கோடிப் பக்கங்களை வைத்துக் காட்டிய வழிதான் இன்றும் அடித்தளம். பக்கத்தை அடுத்தடுத்த சொற்களின் கொத்துகளாக நறுக்க வேண்டும். இரு பக்கங்களுக்கும் பொதுவான கொத்துகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் சேர்த்து உள்ள வெவ்வேறு கொத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கேட்க எளிது, ஆனால் இந்த எண் நீளத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'மழை நின்றதும் கால்வாய் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள்' என்ற வாக்கியத்தில் 8 சொற்கள். மூன்று மூன்றாக எடுத்தால் 6 கொத்துகள். நடுவிலிருக்கும் 'மதகைத்' என்ற ஒரு சொல்லை மட்டும் 'கதவைத்' என்று மாற்றினால் 3 கொத்துகள் உடைகின்றன. பொதுவானவை 3, மொத்தம் 9, ஒப்புமை 0.33. முதல் சொல்லை மாற்றினால் ஒரே ஒரு கொத்துதான் உடையும், ஒப்புமை 0.71. இதே ஒரு சொல் மாற்றம் 1,000 சொல் கட்டுரையின் நடுவில் நடந்தால் ஒப்புமை 0.994. ஆகவே '0.8-க்கு மேல் நகல்' என்று எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே வரம்பு வைத்தால் சிறிய அறிவிப்புகளின் நகல்கள் தப்பிவிடும், நீண்ட ஆவணங்களில் உண்மையான திருத்தங்கள் விழுங்கப்படும். வரம்பை நீளத்தோடு சேர்த்து வையுங்கள். நூறு சொல்லுக்குக் குறைந்த பக்கங்களுக்குச் சொற்கொத்து வேண்டாம், எழுத்துக்கொத்து போதும்.

எல்லாக் கொத்துகளையும் சேமித்து ஒப்பிட இயலாது என்பதால் மின்ஹேஷ் வந்தது. ஹேஷ் சார்பு என்ற கணக்கால் ஒவ்வொரு கொத்தையும் ஓர் எண்ணாக்கி, ஒவ்வொரு சார்புக்கும் மிகச் சிறிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது அது; இரு பக்கங்களின் அந்த எண்கள் எந்த அளவு பொருந்துகின்றன என்பதே ஒப்புமையின் மதிப்பீடு. 100 ஹேஷ் சார்புகள் வைத்தால், உண்மை ஒப்புமை 0.5 ஆக இருக்கும்போது மதிப்பீட்டின் திட்டப் பிழை 0.05. 400 வைத்தால் 0.025. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு செலவு, குறுக்குவழி கிடையாது. 100 மதிப்புகளை 5 வரி கொண்ட 20 பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டையாவது முழுக்கப் பொருந்தினால் அந்த இணையைச் சோதனைக்கு எடுப்பது வழக்கம். அந்த அமைப்பில் ஒப்புமை 0.8 உள்ள இணை சிக்கும் வாய்ப்பு 99.96 சதவீதம். 0.5 உள்ள இணைக்கு 47 சதவீதம், 0.3 உள்ள இணைக்குச் சுமார் 5 சதவீதம். இந்த வளைவை உங்கள் எண்களுக்கு வரைந்து பார்க்காமல் பட்டைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். பட்டையில் சிக்கியதே நகல் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சிக்கியதை முழுக் கொத்துகளோடு மீண்டும் ஒப்பிட்டபின் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் படிதான்.

தமிழ்ப் பக்கங்களைக் கையாளும்போது இந்தக் கட்டத்திலேயே நான்கு இடங்களில் சறுக்குகிறது. ஒன்று, குறியாக்கம். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, ஹேஷுக்கு இரண்டு. ஒரே எழுத்தின் பல குறியேற்றங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கத்தில் என்எஃப்சி வடிவம் இதைச் சரிசெய்யும். ஆனால் 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டியிருந்தால் சரிசெய்யாது. 'ஸ்ரீ' இரண்டு விதமாகக் குறியேற்றப்படுவதையும் அது ஒன்றாக்காது. அவற்றுக்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளிக் குறிகளையும் அப்போதே நீக்கிவிடுங்கள். இரண்டு, ஒற்று. ஒருவர் 'மதகைத் திறந்து' என்று எழுதுவார், அதையே நகலெடுத்தவர் 'மதகை திறந்து' என்று விட்டிருப்பார். பிழை திருத்தியவர் ஐம்பது இடங்களில் ஒற்றுச் சேர்த்திருந்தால் நகல் முழுக்கப் புதுப் பக்கமாகத் தோன்றும். கைரேகை எடுக்கும், அதாவது ஒப்பிடுவதற்காகப் பக்கத்தைச் சில ஹேஷ் எண்களாகச் சுருக்கும் படியில் மட்டும் சொல்லின் ஈற்றில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றைக் களைந்துவிடுங்கள். 'பேஸ்புக்' போன்ற கடன்சொல்லும் ஈறு இழக்கும். இரண்டு பக்கத்திலும் ஒருபோல இழப்பதால் கேடில்லை. மூன்று, சேர்த்தும் பிரித்தும் எழுதுவது. 'வந்து விட்டார்', 'வந்துவிட்டார்' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இடைவெளிகளை நீக்கி, உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணி, ஐந்தாறு எழுத்துக் கொத்துகள் எடுத்தால் இந்த வேறுபாடு அடங்கும். நான்காவது சறுக்கல் பைட் அளவில் நறுக்குவது. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 8 பைட் சாளரத்தில் மூன்று குறிகள்கூட முழுமையாக அடங்காது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பிடிக்கும் சாளரம் தமிழில் ஓர் அசையைக்கூடப் பிடிக்காமல், எல்லாப் பக்கங்களையும் ஒத்தவை என்று சொல்லிவிடும்.

இணைய அளவில் விரைவாக நகல் கண்டுபிடிக்கச் சிம்ஹேஷ் பரவலாகப் பயன்படுகிறது. 2002-இல் மோசஸ் சரிக்கர் தந்த அடிப்படை இது. பக்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் 64 பிட் ஹேஷாக்கி, பிட் 1 என்றால் அச்சொல்லின் எடையைக் கூட்டி, 0 என்றால் கழித்து, கடைசியில் கூட்டல் குறியை 1 என்றும் கழித்தல் குறியை 0 என்றும் வைத்தால் பக்கத்துக்கு ஒரே ஒரு 64 பிட் கைரேகை கிடைக்கும். 2007-இல் மங்கு, ஜெயின், தாஸ் சர்மா ஆகியோர் 800 கோடிப் பக்கங்களின் அளவுக்கு இரு கைரேகைகளை நகல் என்று கொள்ள 3 பிட் வரையிலான வேறுபாடு ஏற்ற வரம்பு என்று காட்டினார்கள். தேடும் வழி நேர்த்தியானது. 64 பிட்டை 16 பிட் கொண்ட 4 துண்டுகளாக்கினால், மூன்று பிட் மட்டுமே மாறிய இணையில் ஒரு துண்டாவது மாறாமல் இருந்தே தீரும். ஆனால் 800 கோடி என்பது ஏறத்தாழ 2-இன் 33-ஆம் அடுக்கு. துண்டுக்கு ஓர் அட்டவணையாக 4 வைத்தால், 16 பிட் பொருத்தத்தால் ஒவ்வோர் அட்டவணையிலும் சுமார் 1,31,072 கைரேகைகள் மிஞ்சும். மீதமுள்ள 48 பிட்டை மறுபடியும் 12 பிட் கொண்ட நான்காக உடைத்து 16 அட்டவணைகள் வைத்தால் பொருத்தம் 28 பிட் ஆகும், மிஞ்சுபவை சுமார் 32 மட்டுமே. இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கும் பேரம் இது. உங்கள் தொகுப்பில் 10 லட்சம் பக்கங்களே இருந்தால், அதாவது 2-இன் 20-ஆம் அடுக்கு, 4 அட்டவணைகளிலேயே 16 தான் மிஞ்சும். பெரிய நிறுவனத்தின் அமைப்பை அப்படியே படியெடுத்து நினைவகத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், எங்களை மிகவும் உறுத்துவது இதுதான். கைரேகை ஒன்றானால் பக்கமும் ஒன்று என்று, ஒன்றை மட்டும் காட்டி மற்றதை மடித்து மறைத்துவிடும் வழக்கம் ஆபத்தானது. ஒரு மருந்தின் அளவைச் சொல்லும் இரு பக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 5 மில்லிகிராம், மற்றதில் 50. ஐந்நூறு சொற்களில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது. சிம்ஹேஷில் இந்த மாற்றம் மூன்று பிட்டுக்குள் அடங்கிவிடும் வாய்ப்பு அதிகம், ஒரு பிட்கூட மாறாமலும் போகலாம். ஒரு விதியின் பழைய வடிவமும் திருத்திய வடிவமும், நேற்றைய அட்டவணையும் இன்றைய அட்டவணையும் இப்படித்தான் இருக்கும். எதை மடித்தீர்கள், எதைக் காட்டினீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரியாது. மடிக்கும் முன் ஒரு சிறு சோதனையைச் சேருங்கள். இரு பக்கங்களிலும் உள்ள எண்கள், தேதிகள், அலகுகள், எதிர்மறைச் சொற்கள் ஆகியவற்றைத் தனியே பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற வேறுபாட்டைக் கணக்கு சிறியதாகப் பார்க்கும், மனிதர் அப்படிப் பார்க்க முடியாது. வேறுபாடு இருந்தால் அவை நகல் அல்ல, வடிவங்கள். புதியதை மேலே வைத்து, 'இதற்கு முந்தைய வடிவமும் உள்ளது' என்று கீழே காட்டுங்கள். இந்தச் சோதனை நடப்பது வடிகட்டி மிஞ்சிய சில இணைகளில் மட்டுமே என்பதால் செலவும் பெரிதல்ல.

அடுத்தது வார்ப்புரு, அதாவது ஒரு தளத்தின் பக்கங்களிலெல்லாம் மாறாமல் வரும் பட்டியல், குறிப்பு போன்ற பகுதி. 2006-இல் மோனிகா ஹென்சிங்கர் 160 கோடிப் பக்கங்களில் பிராடர், சரிக்கர் முறைகள் இரண்டையும் ஒப்பிட்டார். நகல் என்று சொன்னவற்றில் உண்மையான நகல், பிராடர் முறையில் 0.38, சரிக்கர் முறையில் 0.50. வெவ்வேறு தளங்களுக்கிடையே இரண்டும் நன்றாக வேலை செய்தன. ஒரே தளத்துக்குள்தான் இரண்டும் தடுமாறின. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது துல்லியம் 0.79 ஆனது. ஒரே தளத்தில் ஏன் தடுமாற்றம்? 600 சொல் வார்ப்புருவும் 200 சொல் உள்ளடக்கமும் கொண்ட இரு பக்கங்களை எடுங்கள். உள்ளடக்கம் முற்றிலும் வேறாக இருந்தாலும் ஒப்புமை 600-ஐ 1,000-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.6. ஆகவே கைரேகைக்கு முன்பே வார்ப்புருவை உரித்தெடுக்க வேண்டும். ஒரு தளத்திலிருந்து சில நூறு பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு உரைத் துண்டும் எத்தனை பக்கங்களில் அப்படியே வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருவது வார்ப்புரு. பத்துப் பதினைந்து பக்கங்களே உள்ள தளத்துக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. அங்கே இணைப்புச் சொற்களின் விகிதத்தைப் பாருங்கள்: ஒரு துண்டின் சொற்களில் பெரும்பகுதி இணைப்புகளாகவே இருந்தால் அது பட்டியல்.

நகல்களைத் தொகுத்தபின் எதை முன்னிறுத்துவது? இங்கேதான் சிறிய தளங்களில் எழுதுவோர் தோற்கிறார்கள். பக்கங்களைத் தேடித் திரட்டும் உங்கள் தவழ்நிரல் பெரிய தளத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போகும், சிறிய தளத்துக்கு வாரம் ஒருமுறை. முதலில் கண்ட தேதியை எழுதிய தேதியாக எடுத்தால், எடுத்துப் போட்டவர் மூலவர் ஆகிவிடுவார், எழுதியவர் நகலெடுத்தவர் ஆகிவிடுவார். மூலப் பக்கத்தைச் சுட்டும் கேனானிகல் குறி 2009 முதல் இருக்கிறது. அதை மதியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் எடுத்துப் போடுபவர் தன்னையே மூலம் என்று குறித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பிராடர் தந்த இன்னொரு அளவையான உள்ளடங்கலையும் பாருங்கள். பொதுக் கொத்துகளை முதல் பக்கத்தின் கொத்துகளால் மட்டும் வகுப்பது அது. சிறிய பக்கம் பெரிய பக்கத்துக்குள் முழுதாக அடங்கியிருந்தால், பெரியது திரட்டாக இருக்கலாம், சிறியது பகுதி மேற்கோளாகவும் இருக்கலாம். நகல் தொகுப்பில் உள்ள எந்தப் பக்கம் மற்றவற்றால் 'நன்றி' என்ற குறிப்போடு சுட்டப்படுகிறது, எந்தப் பக்கத்தின் தளத்தில் அதே ஆசிரியரின் மற்ற எழுத்துகள் உள்ளன என்பவை நல்ல துப்புகள். முடிவெடுக்க முடியாதபோது தளத்தின் புகழைத் தீர்ப்பாக்காதீர்கள்.

இனி இரண்டாம் கேள்வி, ஒரே பொருள். பக்கத்தின் முழு உரையையும் தேடல் சொல்லாகக் கொடுப்பது யாருக்கும் பயன்படாது. அந்தப் பக்கத்தை அடையாளப்படுத்தும் சில சொற்களை எடுத்துத் தேடுவதே வழி. எது அடையாளச் சொல் என்பதற்குக் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் தந்த விடை இன்னும் நிற்கிறது: குறைந்த ஆவணங்களில் வரும் சொல்லுக்கு எடை அதிகம். 10 லட்சம் ஆவணங்களில் 100-இல் மட்டும் வரும் சொல்லின் எடை, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் 13.3. பாதி ஆவணங்களில் வருவதன் எடை 1. லூசின் என்ற தேடல் மென்பொருள் நூலகத்தில் இதற்கான வசதி அப்படியே இருக்கிறது, பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் இயல்பு அமைப்புகளைத் திறந்து பாருங்கள். அதிகபட்சம் 25 சொற்கள், பக்கத்தில் குறைந்தது 2 முறை வர வேண்டும், குறைந்தது 5 ஆவணங்களில் வர வேண்டும். நூறு சொல் பக்கத்தில் முக்கியமான சொல் பெரும்பாலும் ஒரே முறைதான் வரும், ஆகவே தேடல் சொல்லே மிஞ்சாமல் 'இதுபோன்ற பக்கங்கள்' பெட்டி காலியாகும். சில ஆயிரம் ஆவணங்களே உள்ள தொகுப்பில் 5 ஆவண விதி, இருப்பதிலேயே அரிய பொருத்தங்களைத் தூக்கி எறியும். சிறிய தொகுப்புக்கு இந்த இரண்டையும் முறையே 1, 2 என்று குறையுங்கள். தமிழில் இன்னொரு படி கட்டாயம். 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டிலிருந்து' மூன்றையும் மூன்று சொற்களாக எண்ணினால் எண்ணிக்கையும் சிதறும், எடையும் பொய்யாகும். சொல்லை வேராகவும் விகுதியாகவும் பிரிக்கும் முழு உருபனியல் பகுப்பாய்வி இல்லாவிட்டாலும் வேற்றுமை உருபுகளையும் பன்மை விகுதியையும் நீக்கும் சிறு விதித்தொகுப்பே பெரும் வேறுபாட்டைத் தரும். தரவரிசைக்கு, சொல் வரும் எண்ணிக்கை, அதன் எடை, பக்க நீளம் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் தரும் பிஎம்25 சூத்திரம் போதும். அதில் நீளத்தைச் சமன்படுத்தும் பி என்ற எண்ணை வழக்கமான 0.75-இல் விட்டு, உங்கள் தொகுப்பில் நீளம் மிகவும் மாறுபட்டால் மட்டும் தொடுங்கள்.

சொல் மாறிப் பொருள் ஒத்த பக்கங்களைப் பிடிக்க, உரையின் பொருளை ஓர் எண் வரிசையாக்கி ஒப்பிடும் வெக்டர் ஒப்பீடு வந்திருக்கிறது. அதன் வலிமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாவற்றுக்கும் மருந்து என்ற எண்ணத்தால் மேலே சொன்ன படிகள் கைவிடப்படுவதைப் பார்க்கிறோம். இந்த வெக்டரைத் தரும் பெர்ட் வகை மொழி மாதிரிகள் பலவும் ஒரே நேரத்தில் 512 சொல்துண்டுகளுக்கு மேல் வாங்காது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயிற்றப்பட்ட துண்டாக்கி ஒரு தமிழ்ச் சொல்லை ஐந்தாறாக உடைப்பதுண்டு. அப்படியானால் உங்கள் நீண்ட கட்டுரையின் முதல் நூறு சொல்தான் ஒப்பிடப்படுகிறது, மீதியை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வெக்டர் வையுங்கள். எல்லாவற்றையும் சராசரி எடுத்து ஒன்றாக்கினால் எதைப் பற்றியும் அல்லாத ஒரு நடுப்புள்ளி கிடைக்கும், எல்லாவற்றுக்கும் அருகில் நிற்கும். இரு வெக்டர்கள் எவ்வளவு ஒத்தவை என்று சொல்லும் கோசைன் மதிப்புக்கான வரம்பை வேறு மாதிரியிலிருந்து கடன் வாங்காதீர்கள். சில மாதிரிகளில் தொடர்பே இல்லாத பக்கங்களுக்கும் 0.7 வரும். உங்கள் தொகுப்பில் தற்செயலாக எடுத்த ஆயிரம் இணைகளின் பரவலைப் பார்த்து வரம்பை வையுங்கள். சேமிப்பையும் முன்பே கணக்கிடுங்கள். 768 பரிமாணம், ஒவ்வொன்றும் 4 பைட் என்றால் ஒரு பத்திக்கு 3,072 பைட், ஒரு கோடிப் பத்திக்குச் சுமார் 31 ஜிபி. ஒரு பைட்டாகச் சுருக்கினால் கால் பங்கு. அருகிலுள்ள வெக்டர்களை முழுக்க ஒப்பிடாமல் விரைவாகத் தேடித் தரும் எச்என்எஸ்டபிள்யூ போன்ற தோராயக் குறியீடு பயன்படுத்தினால், ஆயிரம் பக்கங்களுக்கு முழு ஒப்பீடும் செய்து, முதல் பத்தில் எத்தனை தவறுகின்றன என்று எண்ணிய பிறகே வெளியிடுங்கள். வரிசையும் முக்கியம். ஒரு செய்திக்கு 300 நகல்கள் இருந்தால் முதல் 100 அண்டைகளும் நகல்களாகவே இருக்கும், வடிகட்டியபின் ஒன்றும் மிஞ்சாது. நகல் நீக்கம் குறியீட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வியைப் பெரும்பாலோர் மறந்தே விட்டார்கள். ஓர் அகராதித் தளமும் இன்னோர் அகராதித் தளமும் தங்கள் முகப்பில் பொதுச் சொற்கள் அதிகம் வைத்திருக்காது. அவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதை, இரண்டையும் ஒரே பட்டியலில் தந்த மூன்றாமவரின் பக்கம் சொல்லும். 1973-இல் ஹென்றி ஸ்மால் அறிவியல் கட்டுரைகளுக்குச் சொன்ன இணைமேற்கோள் கருத்து இது. 1999-இல் ஜெஃப்ரி டீனும் மோனிகா ஹென்சிங்கரும் அதை இணையப் பக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தைச் சுட்டும் தாய்ப் பக்கங்களை எடுத்து, அவற்றில் நம் இணைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள சில இணைப்புகளை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். ஒரு பட்டியலில் அருகருகே நிற்பவைதானே ஒரே வகை. பத்துக்கு மேல் இணைப்புகள் கொண்ட இரு பக்கங்களில் 95 சதவீதம் பொதுவாக இருந்தால் அவற்றை ஒன்றாக்கினார்கள், இல்லாவிட்டால் பிரதி எடுக்கப்பட்ட பட்டியல்கள் வாக்குகளைப் பெருக்கும். நாங்கள் இதோடு இரண்டு திருத்தங்களைச் சேர்க்கச் சொல்கிறோம். ஒரே தளத்தின் நூறு பக்கங்கள் ஒன்றைச் சுட்டினால் நூறு வாக்கு அல்ல, ஒரு வாக்கு. அடுத்து, எண்ணிக்கையைப் புகழால் வகுங்கள். 50 பேர் சுட்டும் பக்கமும் 80 பேர் சுட்டும் பக்கமும் 20 இடங்களில் சேர்ந்து வந்தால், 20-ஐ 4,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.32. பத்து லட்சம் பேர் சுட்டும் ஒரு பெரிய தளம் நம் பக்கத்தோடு 30 இடங்களில் சேர்ந்து வந்தாலும் அதற்குக் கிடைப்பது 0.004. வகுக்காமல் விட்டால் 20-ஐ 30 வென்று, முன்பு சொன்ன அந்த நான்காவது முடிவாக வந்து நிற்கும்.

வரிசைப்படுத்தும்போது புகழைப் பெருக்கற்காரணியாக வைக்காதீர்கள். இரண்டு பக்கங்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெறும்போது மட்டும் அது பேசட்டும். அடுத்தடுத்து வரும் முடிவுகள் ஒன்றையொன்று திருப்பிச் சொல்லாமலிருக்க, கார்போனெல், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1998-இல் தந்த முறை எளிமையானது. மூலப் பக்கத்தோடு உள்ள ஒப்புமைக்கு 0.7 பங்கு கொடுத்து, ஏற்கெனவே தேர்ந்தவற்றோடு உள்ள மிகப் பெரிய ஒப்புமையில் 0.3 பங்கைக் கழியுங்கள். மூலத்தோடு 0.90, தேர்ந்ததோடு 0.95 உள்ள பக்கத்துக்கு 0.345 கிடைக்கும். மூலத்தோடு 0.80, தேர்ந்ததோடு 0.40 உள்ளதற்கு 0.44. இரண்டாவதே வாசகருக்குப் புதிது சொல்லும்.

சோதிக்கும்போது மூன்று கேள்விகளுக்கும் தனித்தனித் தீர்ப்பு கேளுங்கள். 'இது ஒத்ததா?' என்று மட்டும் கேட்டால் ஒருவர் நகலை மனத்தில் வைத்து ஆம் என்பார், இன்னொருவர் மாற்றை மனத்தில் வைத்து இல்லை என்பார். இருவரும் சரி, உங்கள் தரவுதான் பாழ். செய்தி, விளக்கம், கருவி, பட்டியல், உரையாடல் என்று வகைக்கு ஐம்பது மூலப் பக்கங்கள் எடுத்தாலே குறைகள் வெளியே தெரியும். ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இடங்களுக்கு 1, 0.63, 0.5, 0.43 என்று எடை தந்து தரவரிசையின் தரத்தை அளக்கும் என்டிசிஜி அளவை நல்லது. ஆனால் நகலைப் பூஜ்யமாக எண்ணாமல் அதைக் கணக்கிட்டால் அளவை உயரும், பயன் தாழும். பெட்டி காலியாக இருப்பதைப் பிழையாக எண்ணாதீர்கள். பொருந்தாத ஐந்தைவிட ஒன்றும் இல்லாதது மேல்.

நாங்கள் கேட்பவை இவை. ஒவ்வொரு முடிவின் அருகிலும் அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: 'இதே உரை, பழைய வடிவம்', 'இதே பொருள்', 'இந்தப் பக்கத்தோடு சேர்த்துச் சுட்டப்படுவது' என்று. மடித்த நகல்களின் எண்ணிக்கையைக் காட்டி, அழுத்தினால் விரியச் செய்யுங்கள். மூலம் தன்னுடையது என்று ஒரு தளத்தார் முறையிட வழி வையுங்கள். முறையீடு வந்தால் அந்தத் தொகுப்பை மனிதர் ஒருவர் பார்க்கட்டும். உங்கள் நகல் வரம்பு என்ன, எண்கள் மாறும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை உங்கள் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். இவற்றுள் ஒன்றை மட்டும் இந்த மாதம் செய்ய முடியும் என்றால், எண்களையும் எதிர்மறைகளையும் ஒப்பிடும் அந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தேடல் தொழில்நுட்பத்தில் பணிபுரிவோர் சிலர்